மன்னார்க் கரையும் கடல் கடந்தோர் கால்வழியும்

தன் குலத்து முன்னோர் யாவர், அவர் எவ்வூரினின்றும் போந்தனர், அவரொடு உடன்பிறந்தார் வழியினர் இன்று எங்கே உளர் என்று அறிய விழைவது மாந்தர்க்கு இயல்பான வேட்கையாகும். இவ்வேட்கையை ஒரு தனித்துறையாகவே வளர்த்தெடுத்தவர் அமெரிக்க நாட்டினர். 1620-ஆம் ஆண்டில் 'மேபிளவர்' என்னும் கப்பலேறி இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டோர் 102 பேர். அவருள் ஏறத்தாழப் பாதியினர் முதல் மாரிக்காலத்திலேயே மாண்டனர். எஞ்சியோர் வழித்தோன்றல்களைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து பதிவதற்கென 1897-இல் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, 1845-இல், போஸ்டன் நகரில் நியூ இங்கிலாந்து வரலாற்று மரபுவழிக் கழகம் தோன்றிவிட்டது. இன்று அமெரிக்காவில் வாழும் ஒருவர், தம் பாட்டன் பாட்டனுக்குப் பாட்டன் இங்கிலாந்தில் எந்தக் கோவிற்பற்றில் ஞானஸ்நானம் பெற்றான் என்பதைக்கூடப் பல வேளைகளில் கண்டறிந்து கொள்கிறார்.

இஃது எங்ஙனம் இயன்றது? இங்கிலாந்தின் கோவிற்பற்றுகள் பிறப்பு, மணம், இறப்பு என்பவற்றைப் பதிந்து வைத்தல் வேண்டும் என்று 1538-ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. அந்நாட்டினர்க்குக் குடும்பப் பெயர் உண்டு. தந்தை பெயரும் மகன் பெயரும் மாறினும் அஃதொன்று மாறாது தொடர்ந்து வரும். கப்பலேறினோர்க்குப் பல துறைமுகங்களில் பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டது. பதிவேடு, குடும்பப் பெயர், பெயர்ப்பட்டியல் ஆகிய இம்மூன்றும் இருப்பின் கடலின் அகலம் ஒரு தடையன்று.

நம் மக்களும் கடல் கடந்தவரே. ஆயின், அவர் கால்வழியைத் தேடப் புகுவோர் முதற்கண் எதிர்ப்படுவது ஒரு முரண்பாடாகும். தொலைதூரம் சென்றோரைப் பற்றிய செய்தி மிகுதியாகக் கிடைக்கிறது. அண்மையிற் சென்றோரைப் பற்றியோ அருகியே கிடைக்கிறது. தென்னாபிரிக்காவின் நேற்றால் நாட்டுக்குச் சென்ற தமிழரை நோக்குவோம். 'துரூரோ' என்னும் முதற் கப்பல் சென்னையினின்றும் 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக அங்கே சென்றனர். அவர் ஒவ்வொருவர்க்கும் ஓர் இலக்கம் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், வட்டம், மாவட்டம் ஆகியன கப்பற் பட்டியலில் எழுதப்பட்டன. மொரீசியசு தீவின் குடிவரவு ஏடுகளில் நிழற்படங்களும் உள. அவை மகாத்மா காந்தி நிறுவகத்தில் பேணப்படுகின்றன. மனிதரைச் சரக்குப் போல் எண்ணிய ஆட்சியாளர் தம் கணக்கின் பொருட்டு எழுதிய ஏடுகளே அவை. எனினும், எழுதியவர் கருத்து யாதாயினும், எழுத்து இன்று பேரர்க்குப் பயன்படுகிறது.

இலங்கைக்கு வந்தோர்க்கு இத்தகைய பட்டியல் இல்லை. அவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கருதப்படாமையின் அச்சட்டங்களுள் அடங்கிலர். தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 18 மைல். அதனைக் கடத்தல் பயணமென்றே மதிக்கப்படவில்லை போலும். கரை இறங்கியோரைத் தலைக்கணக்காக எண்ணினர். ஆனால் இத்துணைப் பேர் வந்தனர், இத்துணைப் பேர் மீண்டனர் என்ற தொகை உண்டேயன்றி இன்னார் வந்தார், இன்னாரின் மகன் வந்தான் என்ற குறிப்பு இல்லை.

இவ்வரலாறு நிகழ்ந்த களம் நமது மன்னார் மாவட்டமே. இதன் கரையூர்களுள் ஒன்று நறுவிலிக்குளம். வங்காலைக்கு அணித்தே உள்ளது. நறுவிலி என்பது பிசின் போன்ற சதையுடைய சிறு பழம் தரும் ஒரு மரம். மரத்தையும் குளத்தையும் சேர்த்து ஊர்ப்பெயராக்கும் வழக்கம் வன்னியிலும் மன்னாரிலும் பெரிது. இராமநாதபுரத்துக் கரையினின்று வரும் ஒருவனுக்கு இப்பெயர்கள் அயன்மையாய்த் தோன்றா. அங்கும் ஊர்ப்பெயர்கள் இவ்வாறே அமைந்துள்ளன. இக்கரையோரத்துப் பழங்குடிகளிற் பலர் கத்தோலிக்க சமயத்தினர். முத்துக்குளிப்பினாலும் மீன்பிடியினாலும் பாண்டிக் கரையோடு இவர்க்கு நெடுநாளைய தொடர்பு உண்டு. ஞானஸ்நானம், திருமணம் முதலியவற்றைக் கோவிலில் பதியும் வழக்கம் இவரிடை நிலவியமையால், போர்க்காலத்து இடப்பெயர்வில் அழிந்தன போக எஞ்சிய ஏடுகளைக் கொண்டு சில தலைமுறைகளை இவர் பின்னோக்கிக் காணலாம். யாழ்ப்பாணத்துப் பழங்குடிகட்கு ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகள் உள. வரி தண்டுதற்கென எழுதப்பட்ட அவற்றில் நிலமும் குடும்பமும் ஒருங்கே பதிவாயின. ஆகவே, கரையில் நிலைத்து வாழ்ந்தவனுக்குச் சான்று உண்டு. அவன் வாயில் வழியே நடந்து சென்றவனுக்குச் சான்று இல்லை.

அந்நடையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். 1823-ஆம் ஆண்டளவில், தேசாதிபதி எட்வேட் பான்சின் காலத்தில், யோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளையை அடுத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். 1830-களின் பிற்பகுதியிலும் 1840-களிலும் கோப்பிப் பயிர் பெரிதும் பரவிற்று. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வேண்டிய ஆட்கள் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளினின்றும் வந்தனர். தொண்டி, தேவிபட்டினம், இராமேசுவரம் முதலிய இடங்களிற் படகேறி மன்னார், அரிப்பு முதலிய கரைகளில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி. குடிநீர் அரிது, நிழல் உண்டாயின் நுளம்பும் உண்டு. வாந்திபேதி, காய்ச்சல், பசி என்பவற்றால் வழியிலேயே வீழ்ந்தோர் பலர். பாதையோரத்தில் மனித எலும்புகள் கிடந்தமையை அக்காலத்து ஆங்கிலேயரே எழுதியுள்ளனர். அரசினர் பின்னர்த் தங்குமடங்களும் கிணறுகளும் மருத்துவச் சாலைகளும் அமைத்தனர். அவை வந்தது பெருந்தொகையினர் மடிந்த பின்னரே.

ஈண்டு ஒன்று கூறல் பொருந்தும். மன்னாரினின்றும் உள்நாடு நோக்கி நடந்தோர் மாதோட்டத்தை அடுத்தே சென்றனர். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அந்நாளிற் காடு மூடிக் கிடந்தது. ஆறுமுக நாவலர் அதனைப் புதுக்குமாறு வேண்டுகோள் விடுத்தது 1872-இல். மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது 1903-இல். ஊரில் விட்டு வந்த தெய்வத்தை நினைந்து நடந்த அடியவர் பலர், தம் கால்வழிக்கு அருகே பாடல்பெற்ற தலம் ஒன்று மண்ணுள் இருந்ததை அறியாமலே சென்றிருப்பர். பிழைத்து மாத்தளை சேர்ந்தோர் அங்கே மாரியம்மனை வழிபட்டனர். இன்று பெருங்கோயிலாக விளங்கும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அவ்வழிபாட்டின் வளர்ச்சியே.

கோப்பியை இலைநோய் அழித்தது. அந்நோய் 1869-இல் தலைகாட்டிற்று. 1867-இல் யேம்ஸ் ரெயிலர் என்பார் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் மரபுவழி ஆராய்ச்சிக்கும் இன்றியமையாதது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டுமே ஆள் வேண்டும். பருவம் முடிந்தால் ஊருக்கு மீளலாம். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆதலின் பெண்டிரும் பிள்ளைகளும் உடன் வந்தனர். லயங்களிற் குடும்பங்கள் வேரூன்றின. இன்றைய மலைநாட்டுத் தமிழர் ஒருவர் தம் முன்னோர் வருகையைத் தேடுங்கால், அது கோப்பிக் காலமா, தேயிலைக் காலமா என்பதை முதலில் தெளிதல் நன்று. கோப்பிக் காலத்தார் வழி பெரும்பாலும் பிடிபடுவதில்லை. தேயிலைக் காலத்தார் வழி, முயன்றால், பிடிபடும்.

வந்த பாதையும் காலத்தோடு மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிளேக்கு நோயின் அச்சத்தால் மன்னார்க் காட்டுவழி கைவிடப்பட்டு, தூத்துக்குடியினின்றும் கொழும்புக்குக் கப்பல்வழி சிறந்தது. இறாகமையில் தடுப்பு முகாம் அமைந்தது. 1914-இல் பாம்பன் பாலமும், தனுக்கோடி – தலைமன்னார்க் கப்பலும், தலைமன்னார்ப் புகையிரதமும் ஒருங்கே வந்தன. அதன்பின் மண்டபம் முகாமே வாயிலாயிற்று. அங்கே நோய் ஆய்வு நடைபெற்றது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் அணிவித்து அனுப்பும் முறையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. 1939-இல் இந்திய அரசு, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. அவ்வாண்டோடு பெருவருகை முற்றுப்பெற்றது எனலாம். 1946-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, இந்தியத் தமிழர் 7,80,000 பேர்க்கு மேல் உளரெனக் காட்டியது.

இவ்வளவு பேர் வரவில் எழுத்து எங்கே இருந்தது? கங்காணியிடத்தும் தோட்டக் கந்தோரிலும் இருந்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் முற்பணம் கொடுத்துத் திரட்டி வந்தான். அம்முற்பணம் கடனாயிற்று. ஒரு தொழிலாளி வேறு தோட்டம் செல்ல விரும்பின், அவன் கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். இத்துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனேட்டில் ஏறிய பெயரே அக்காலத்துத் தொழிலாளியின் பெயரில் நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்று. அதுவும் கங்காணியின் பெட்டியோடு பெரும்பாலும் மறைந்தது. தோட்டக் கந்தோரின் செக்றோலில் நாட்பெயர் உண்டு, ஊர்ப்பெயர் இல்லை. தோட்டத்தில் நிகழ்ந்த பிறப்பு, இறப்புப் பதிவுகள் பல இடங்களில் உள. ஆயின் அவை ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டமையால், ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாயின. வேலன், வேலு, வேலாயுதம் என்பன ஒருவர் பெயரே மூன்றாய்ப் பிரிந்தன. பாட்டியார் ஒருத்தியின் பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று வகையாய் இருத்தல் மலைநாட்டில் வியப்பன்று.

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இன்மையும் ஒரு தடையே. தந்தை பெயர் முன்னெழுத்தாய் ஒரு தலைமுறை நின்று, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். எனினும் நம் மரபில் இதற்கு ஒரு மாற்று உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் 'பெயரன்' எனப்பட்டான். அதுவே பேரன் என மருவிற்று. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடும் வழக்கம் காக்கப்பட்ட குடும்பங்களில், ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வரும். கருப்பன் மகன் முத்து, முத்து மகன் கருப்பன் என்று சங்கிலி நீளும். ஊரிலே தங்கிவிட்ட உடன்பிறந்தான் வீட்டிலும் அதே கருப்பன் இருப்பான். கடலின் இருபுறமும் ஒரே பெயருடைய இரு கிழவர் இருத்தல், தேடுவோர்க்குக் கிடைக்கும் முதற் குறிப்பாகும்.

அதனினும் வலிய சான்று குலதெய்வம். ஊர்ப்பெயரை மறந்தோரும் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. பட்டி, பாளையம், குளம், ஊர் என முடியும் பெயர்கள் தமிழ்நாட்டில் எண்ணிலவாக இருப்பதால், 'எங்கள் ஊர் புதுப்பட்டி' என்பதைக் கொண்டு யாதும் செய்தற்கு இயலாது. ஆனால், புதுப்பட்டியும் அங்குள்ள ஐயனார் பெயரும் காவல் தெய்வத்தின் பெயரும் அடைந்தால், தேடும் வட்டம் சுருங்கிவிடும். பிடிமண் எடுத்துச் சென்று வேற்றூரில் தெய்வத்தை நிலைநாட்டுதல் நம் மக்களின் பழைய முறை. தோட்டங்களில் உள்ள சிறு கோயில்களிற் சில அவ்வாறு வந்தனவே. தேயிலை ஆலையின் சக்கரத்தோடு பிறந்த ரோதைமுனி போன்ற தெய்வங்கள் மலைநாட்டிலேயே தோன்றியவை. அவை ஊரைக் காட்டா. எது வந்த தெய்வம், எது பிறந்த தெய்வம் என்பதைப் பிரித்தறிதல் இத்துறையின் நுட்பங்களுள் ஒன்று.

இவற்றோடு, லயங்களின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். ஒரு கங்காணியின் கீழ் வந்தோர் பெரும்பாலும் ஒரே பகுதியினர். அவர் ஒருங்கே குடியமர்ந்தனர். ஆகவே தன் ஊர் தெரியாதவன், பக்கத்து வீட்டானின் ஊரைக் கேட்டறிதலாலும் பயன் பெறுவான். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயரன்றி வேறு தமிழ்ப் பெயர்களும் வழங்கின. தாய்நாட்டிற்கு எழுதிய பழங்கடிதங்களில் அத்தமிழ்ப் பெயரே காணப்படும். பழைய தோட்டப் பட்டியல்களில் இரு பெயர்களும் குறிக்கப்பட்டிருத்தலால் அவற்றை ஒப்புநோக்கி இடத்தை உறுதி செய்யலாம்.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். மேபிளவர்க் கப்பலார் வழியினன் ஒருவன் தன் கால்வழியை நிறுவினால் ஒரு சங்கத்தின் உறுப்பினனாவான். நிறுவாவிடினும் அவன் இழப்பது யாதுமில்லை. மலைநாட்டுத் தமிழனுக்கோ கால்வழி என்பது குடியுரிமையாகவே வந்து நின்றது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவன் வழிமுறையால் பிரசையாதற்கு, அவன் தந்தை இலங்கையிற் பிறந்தவராதல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவராதல் வேண்டும் என்றது. சட்டத்தின் சொற்கள் எல்லார்க்கும் பொதுவாகவே அமைந்தன. ஆனால், அச்சான்றினைக் கொணர்க என்று கேட்கப்பட்டவர் எல்லாரும் அல்லர். கண்டி நகரத்தானிடமோ யாழ்ப்பாணத்தானிடமோ அன்றாட வாழ்வில் எவரும் பூட்டன் பிறந்த பத்திரத்தைக் கேட்டதில்லை. லயத்திற் பிறந்தவனிடம் கேட்டனர். அவன் தந்தை பிறந்தபோது பதிந்தார் இலர்.

இதன் மறுபக்கமும் காணத்தக்கது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 8-ஆம் உறுப்பு, தாமோ பெற்றோருள் ஒருவரோ பாட்டன் பாட்டியருள் ஒருவரோ இந்தியாவிற் பிறந்திருப்பின், வெளிநாட்டில் வாழ்வோர் தம்மை இந்தியக் குடிகளாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. ஒரு நாடு, 'உன் பாட்டன் இங்கே பிறந்தான் எனக் காட்டு' என்றது. மற்றொரு நாடு, 'உன் பாட்டன் அங்கே பிறந்தான் எனக் காட்டு' என்றது. கேட்கப்பட்டவன் ஒருவனே, பாட்டனும் ஒருவனே. அப்பாட்டன் எங்கோ ஓரிடத்திற் பிறந்தது உறுதி. ஆனால் இரு கரையிலும் அவன் பிறப்பை எழுதி வைத்தார் இல்லை. இவ்வாறு நாடற்றவராயினோர் தொகை பல இலட்சமாகும்.

1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி, 1951 ஆகத்து 5-ஆம் நாளுக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் 8,25,000 பேர் சார்பில் குவிந்தன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. இச்சட்டம் இடையறாத வாசத்தைக் கேட்டது. குலதெய்வத்தைக் காணவும், மகளுக்கு முறைமாப்பிள்ளை தேடவும், மூத்தோர் சாவுக்கும் ஊருக்குச் சென்று நெடுநாள் தங்கியோர்க்கு அப்பயணமே தீங்காயிற்று. கால்வழியைக் காத்தவன் அக்காரணத்தாலேயே விண்ணப்பத்தில் தோற்றான். இதனினும் கொடிய முரண் ஒன்றை மரபுவழி வரலாற்றில் யாம் கண்டிலேம்.

1964 ஒக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்பது ஏற்பாடு. 1974-இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். உடன்படிக்கை கையெழுத்தாகி இரு மாதமும் நிறைவதற்குள், டிசம்பர்ப் புயல் தனுக்கோடியைக் கடலுக்குள் ஆழ்த்தியது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்தினின்றும் தலைமன்னாருக்கு ஓடிற்று. 1980-களின் முற்பகுதி வரை, மலைநாட்டினின்றும் புகையிரதமேறியோர் மன்னார்த் தீவைக் கடந்து அக்கப்பலிற் சென்றனர். பாட்டன் நடந்து வந்த மாவட்டத்தைப் பேரன் புகையிரதத்தின் சாளரத்தூடே ஓரிரவிற் கடந்து போனான். பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர்.

சென்றோர் எல்லாரும் பாட்டன் ஊருக்குச் சென்றனரா எனின், இல்லை. நீலகிரியில் அரசினர் அமைத்த தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்துப் புனலூரிலும், கருநாடகத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் உள்ள றப்பர்த் தோட்டங்களிலும், நூலாலைகளிலும் குடியமர்த்தப்பட்டனர். ஊர் சென்றோர்க்கு உறவினர் வரவேற்பு எங்கும் ஒருபடித்தாக இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்தவனின் பெயர் கூட்டுப் பட்டாவில் இன்னும் நிற்குமாயின், அவன் பேரன் வந்து வாயிலில் நிற்கும்போது பங்காளிக்கு மகிழ்ச்சியோடு அச்சமும் தோன்றும். நிலம் கேட்க வந்தானோ என்ற ஐயம் விளைந்தவுடன், தெரிந்த உறவும் தெரியாததாகிவிடும். ஆகவே, இன்று இத்தேட்டத்தில் ஈடுபடுவோர் தம் நோக்கம் நிலமன்று என்பதை முதலிலேயே தெளிவுறக் கூறல் நலம். அங்ஙனம் கூறியபின் திறக்கும் வாய்கள் பல. பட்டாவையே சான்றாகத் தேடுவோரும் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

புகழ்பெற்றோர் குடும்பங்களிலும் இவ்விருவழிப் பயணத்தைக் காணலாம். துடுப்பாட்ட வீரர் முத்தையா முரளீதரனின் பாட்டனார் 1920-இல் தேயிலைத் தோட்டத்துக்கென வந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்கு மீண்டார்; அவர் ஆண்மக்கள் இலங்கையில் தங்கினர். எதிர்வழியில், பெற்றோர் சென்றிருக்கப் பிள்ளைகள் தங்கியதும், தமையன் இந்தியக் குடியாகத் தம்பி இலங்கைக் குடியானதும் எண்ணிறந்த குடும்பங்களில் நிகழ்ந்தன. ஆதலின் நம் தேட்டம் அமெரிக்கர் தேட்டம் போல ஒரு திசையிற் செல்வதன்று. மலைநாட்டான் தமிழ்நாட்டில் மூதாதையரைத் தேடுகிறான். நீலகிரியில் வாழ்வோன் ஹற்றனிலும் பதுளையிலும் தன் அத்தை மக்களைத் தேடுகிறான்.

மன்னாரிலும் தேடுவோர் உளர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலைநாட்டையும் தென்னிலங்கையையும் விட்டு வவுனியா, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களிற் குடியேறிய தோட்டத் தமிழர் பலர். முன்னோர் தாகத்தோடு கடந்து சென்ற காட்டையே அவர் வழியினர் வெட்டி வயலாக்கினர். அவர் வாழ்வின் மூன்றாம் பெயர்ச்சியாகப் போர்க்கால இடப்பெயர்வும் வந்தது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் பெட்டியும் பத்திரமும் குறைந்தன. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இலங்கையில் வாழ்வோரின் நாடற்ற நிலையை நீக்கின. இவற்றுள் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வதிந்தோர்க்கும் அவர் வழித்தோன்றல்கட்கும் உரிமை வழங்கியது. பூட்டன் பிறப்பைக் கேளாது வதிவை மட்டும் கேட்டமை அதன் சிறப்பு.

இந்தியக் கரையிலோ கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 1983-க்குப் பின் அகதிகளாகச் சென்று தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருள், தோட்டத் தொழிலாளர் வழியினர் கணிசமாக உளர். இவர் முன்னோர் இந்தியாவினின்றும் சென்றவர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 சூன் மாதத்தில் இத்தகையோர் சிலரின் வழக்கினை ஆராய்ந்து, அவர் குடியுரிமை விண்ணப்பங்களை மைய அரசு கருத்திற் கொள்ளல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இத்தகையோர்க்குப் பாட்டனின் ஊர்ப்பெயரும், குடும்ப அட்டையும், உடன்படிக்கைக் காலத்துக் கடவுச்சீட்டும், உடன்பிறந்தார் பெற்ற பத்திரத்தின் படியும் வீட்டு நினைவுப் பொருள்கள் அல்ல, வழக்குமன்றத்துச் சான்றுகள்.

ஆகவே நம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கலாம். உடன்படிக்கைக் காலத்தில் பதின்வயதினராய் இருந்தோர் இன்று எழுபதைக் கடந்தவர். அவரிடம் கேட்கத்தக்கன சிலவே: பாட்டன், பாட்டியர் பெயர், அவர் சொல்லிய ஊர், அதன் அருகிலுள்ள சந்தை அல்லது ஆறு, குலதெய்வம், கங்காணியின் பெயர், தோட்டத்தின் தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும், பிரிவும், கப்பலேறிச் சென்ற உறவினர் யாவர், எவ்வாண்டு சென்றனர் என்பன. ஊரைக் கேட்கும்போது, 'முசிறிப் பக்கம்', 'துறையூர்ப் பக்கம்', 'நாமக்கல் பக்கம்' என்ற மறுமொழியே பெரும்பாலும் வரும். பக்கம் என்பதை ஊரெனக் கொள்ளற்க. அது படகேறுமுன் அவர் கண்ட பெரிய சந்தையூராக இருக்கலாம். சொன்னதைச் சொன்ன ஒலியிலேயே எழுதுக. அதனைத் திருத்திச் செந்தமிழாக்குவோர் சான்றினைக் கெடுப்பவராவர். பத்திரம் காட்டினால் இருபுறமும் படமெடுத்துக்கொள்க. பின்புறத்தில் எழுதுவிளைஞர் இட்ட இலக்கமே, சில வேளை, கோப்பினைத் தேடித் தரும்.

2023-ஆம் ஆண்டில், மலைநாட்டு மக்கள் வருகையின் இருநூறாண்டு நிறைவைக் குறித்து, அம்மக்கள் வழியினரும் பிறரும் தலைமன்னாரினின்றும் மாத்தளை வரை நடந்தனர். சூலை இறுதியிற் புறப்பட்டு ஆகத்து 12-ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். போர்க்காலத்தில் தடைப்பட்ட தலைமன்னார்ப் புகையிரதமும் 2015 மார்ச்சு முதல் மீண்டும் ஓடுகிறது. கப்பல் மட்டும் தலைமன்னாருக்கு மீளவில்லை. நறுவிலிக்குளத்தினின்றோ மன்னாரினின்றோ ஒருவர் இராமநாதபுரத்திற் பூட்டனின் பட்டாவைப் பார்க்க எண்ணினால், கொழும்பு சென்று வானூர்தியேறித் திருச்சிராப்பள்ளியில் இறங்கலாம். அன்றேல், காங்கேசன்துறை – நாகபட்டினக் கப்பல் ஓடும் நாளாயின் யாழ்ப்பாணம் சென்று அதனில் ஏறலாம். பூட்டன் பாய்மரப் படகிற் கடந்த நீர் அப்பயணத்தில் எங்கும் குறுக்கிடாது.